வெருகல் ஆற்றில் பெட்டி தேடிய கதை

யுத்த காலத்தில் வெருகல் ஆற்றிலோ, மகாவலி கடலில் விழும் அந்தப் பக்கத்து வேறு கிளைகளிலோ விழுந்துபோன பொருள் ஒன்றைத் தேடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நான் தொடங்கியபோது இதையெல்லாம் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் பாதிப்பேர் "போனது போனதுதான் பிள்ளை, விடு" என்றார்கள். மீதிப்பேர் "நேவிக்காரர் சகாயிங் கப்பலையே கிளப்பினவங்கள், உங்கட பெட்டி என்ன பெரிய வேலையா" என்றார்கள். 1942 இல் ஜப்பான்காரரின் குண்டுவீச்சில் அடிபட்ட அந்தக் கப்பலை 2018 இல் திருகோணமலைத் துறைமுகத்தின் அடியிலிருந்து கடற்படைச் சுழியோடிகள் கிளப்பியது உண்மைதான். அவர்களிடம் ஆளும் இருந்தது, பாரந்தூக்கியும் இருந்தது. என்னிடம் இருந்தது சங்கத்தில் எடுத்த கடனும் அம்மாவின் ஞாபகமும்தான். வீட்டுக்காரர் கட்டாரில். தம்பிமார் இருவரும் கனடாவில் இருந்துகொண்டு "அக்கா, உனக்கு விசரா" என்று கேட்டார்கள், பிறகு காசும் அனுப்பினார்கள். எல்லாம் முடியும்போது நாலரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆற்றோடு போயிருந்தது.

தேடிய பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் மூதூர் கிழக்கு. அம்மாவின் தகப்பன் அங்கே ஒரு சின்னக் கண்ணகி அம்மன் கோயிலில் பூசாரியார். வைகாசியில் அம்மனுக்கு நடக்கிற குளிர்த்திச் சடங்குக்கு மட்டும் வெளியே வருகிற சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும்: பித்தளையில் அம்மனின் முகக்களை, சிலம்பு ஒரு சோடி, பிரம்பு, கைமணி, ஏட்டுக்கட்டு. 2006 சித்திரையில் சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கியபோதே தாத்தா அந்தப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டார். ஆடியில் மாவிலாற்று மடை பூட்டப்பட்டுச் சண்டை மூண்டதும் சனம் ஈச்சிலம்பற்றுக்கு ஓடியது. புரட்டாதியில் சம்பூரை ஆமி பிடித்த பிறகு அங்கேயும் இருக்க ஏலாமல் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரை என்று போனது. எங்கள் குடும்பம் கடந்தது ஒரு இரவில், சின்ன வள்ளத்தில், கொள்ளாத ஆட்களோடு. ஷெல் ஒன்று கிட்ட விழுந்து வள்ளம் சரிந்தது. பெட்டியைப் பிடித்திருந்த மாமா அதை விட்டுவிட்டு என் தம்பியைப் பிடித்தார். தாத்தா மாமாவிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையாம். ஆனால் முகாமில் சாகும்வரை "ஆத்துல கிடக்குறா" என்று அம்மனைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2015, 2016 இல் சம்பூர்க் காணிகள் விடுபட்டு ஆட்கள் திரும்பிப்போனார்கள். எங்கள் கோயிலும் தகரக் கூரையோடு எழும்பியது, உள்ளே வைக்கத்தான் சாமான் இல்லை. வேறு செய்வித்து வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அம்மா மாட்டேன் என்றுவிட்டா.

தேடலில் முதல் வேலை, கண்டவர்களிடம் கதை எடுப்பது. இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள். நான் அம்மாவையும் மாமாவையும் சின்னம்மாவையும் ஒன்றாக இருத்தி வைத்துக் கேட்டேன். மாமா "பாதைத் துறைக்குக் கீழ" என்றார் (பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை), உடனே மற்ற இருவரும் ஆமாம் போட்டார்கள். பிறகு சின்னம்மாவைத் தனியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் விட்டபோது வேறு இடத்தைக் காட்டினா. இறங்கும்போது காலில் முள் குத்தியது, கண்டல் வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம், கோயில் மணிக்கூட்டுச் சத்தம் பின்பக்கம் கேட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. சித்திரவேலாயுதர் கோயில் பின்பக்கம் கேட்கும் என்றால் மாமா சொன்ன இடம் சரிவராது. எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஒரு இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கால் எதை மிதித்தது, எந்தப் பக்கம் வெளிச்சம், தண்ணீர் இழுத்ததா நின்றதா என்று கேட்டால்தான் உண்மையான இடம் வெளியில் வரும். வள்ளம் ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவர்தான் முக்கியம். எங்களுடையவர் இல்லை, 2007 தைக்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

அடுத்தது ஆறு. 2006 இல் இருந்த ஆறு இப்போது அதே இடத்தில் இல்லை. பொருள் விழுந்த இடத்துக்கு நேரே இன்று தண்ணீரே இல்லாமல் இருக்கலாம், நாணல் திடலாக இருக்கலாம். செய்மதிப் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கும் வசதி கைப்பேசியில் சரியாக வராது, கணினியில் வரும். ஒரு நெட் கடையில் இருந்து பார்த்தேன். 2011 தை மாசி வெள்ளத்துக்கு முந்திய கரையும் பிந்திய கரையும் ஒன்றில்லை. அப்போது சனம் வள்ளத்திலும் பாதையிலும் கடந்த இடத்தில் இன்று பாலம் நிற்கிறது, பாலத்துத் தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்து அடியைத் தோண்டும். அதோடு பாரமான பொருள் மணலுக்கு மேலே கிடக்காது. ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் அதன் கீழுள்ள மணலை அரிக்க அரிக்க அது கீழே கீழே இறங்கி, கடைசியில் களித்தரையில் போய் நிற்கும். மேலே திரும்ப மணல் மூடிவிடும். இதை எனக்கு விளங்கப்படுத்தியது மண் அள்ளுகிற ஒருவர்தான், அவருடைய கதை பிறகு வரும். மரப்பெட்டி என்றால் கதை வேறு. உள்ளே காற்று இருந்தால் கொஞ்ச தூரம் மிதந்துபோய்த்தான் தாழும். முகத்துவாரத்துக்குக் கிட்ட உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தில் விழுந்த மரத்தைக் கடற்புழு தின்றுவிடும், மேலே நல்ல தண்ணீரில் சேற்றுக்குள் புதைந்தால் நெடுநாள் இருக்கும். தேடுவதென்றால் கச்சான் காற்று வீசுகிற ஆடி, ஆவணிதான் காலம். ஐப்பசிக்குப் பிறகு ஆற்றில் கால் வைக்கவே யோசிக்காதீர்கள்.

இடையில் ஒன்று. பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றிய காணி உத்தரவுப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. பாதிப்பேர் ஆற்றைத் தேட நினைப்பது இந்தக் கடதாசிகளுக்காகத்தான் என்று பிறகு தெரிந்தது. அதற்கு ஆற்றுக்குப் போகத் தேவையில்லை. உத்தரவுப் பத்திரத்தின் பதிவு பிரதேச செயலகக் காணிப் பகுதியின் லெட்ஜரில் இருக்கும், சான்றிதழுக்குப் பதிவாளர் பகுதி இருக்கிறது. பத்தொன்பது வருடம் ஆனாலும் எழுதிக் கேட்கலாம். எங்களுக்கு அது கிடைத்தது. செலவு முத்திரைக் காசும் பஸ் காசும்தான்.

இனி அனுமதி. வெருகல் ஆறு இரண்டு மாவட்டத்துக்கு எல்லை. வடகரை திருகோணமலை, தென்கரை மட்டக்களப்பு. ஆகவே பிரதேச செயலகமும் இரண்டு, பொலிசும் இரண்டு, கிராம உத்தியோகத்தரும் இரண்டு பேர். ஒரு பக்கத்துக் கடிதத்தை வைத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனால் மற்றப் பக்கத்தில் வந்து கேட்பார்கள். கடிதத்தில் என்ன தேடுகிறீர்கள், எப்போது விழுந்தது, யாருடையது, எந்த நாட்களில், எத்தனை பேர் என்று எழுதுங்கள். கோயில் சாமான் என்றால் கோயில் சபையின் கடிதமும், பழைய படம் இருந்தால் அதுவும் வேண்டும். தொல்பொருள் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியது என்று கருதக்கூடிய பொருள் எதுவும் தொல்பொருள்தான், உங்கள் பூட்டன் கையில் இருந்ததாக இருந்தாலும். அதைத் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். எங்கள் சிலம்பு எத்தனை தலைமுறை என்று தாத்தாவுக்கே தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாக "இருநூறு முந்நூறு வருசம் இருக்கும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தா. அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

ஊரில் ஒருவர் மூலம் "ஸ்கேனர்" வைத்திருக்கும் ஒரு ஆளைப் பிடித்தேன். கிணற்றுக்குத் தண்ணீர் பார்ப்பவராம், பொன் வெள்ளியும் பார்ப்பாராம். முற்பணம் 60,000 ரூபாய். வந்தவர் கரையில் பலகை விரித்துத் தேசிக்காய் வெட்டி, கறுத்தக் கோழி கிடைக்குமா என்று கேட்டபோதே என் வயிறு கலங்கியது. கோயில் சாமான் தேடத்தான் கூப்பிட்டேன், புதையல் எடுக்க இல்லை என்றேன். "ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி" என்றார். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்துவிட்டது. இந்த நாட்டில் அப்படியான கருவியோடு இரவிலோ பகலிலோ நிற்கிற ஆட்களைப் புதையல்காரர் என்று பிடிப்பது வாரம் தவறாமல் செய்தியில் வருகிற விசயம். பின்னேரம்வரை பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்தேன். சிங்களம் எனக்குப் பாதிதான் வரும். எழுதிய வாக்குமூலத்தை ஒரு தமிழ் உத்தியோகத்தர் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் "புதையல்" என்ற சொல் அதில் இருந்தது, அதை எடுப்பித்துவிட்டு "யுத்தத்தில் தவறிய குடும்பக் கோயில் பொருட்கள்" என்று போடுவித்தேன். கடிதங்களின் பிரதியைக் காட்டியதால் என்னை விட்டார்கள். கருவி பொலிசில் நின்றது, ஆள் அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை, அறுபதாயிரமும் அவரோடு போயிற்று. அடுத்த நாள் வேலைக்குப் போனபோது கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "என்ன, தங்கம் வந்ததா" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காசை விட எரிந்தது.

கருவிகளைப்பற்றிப் பிறகு படித்ததில் சொல்கிறேன். காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்றில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். காந்தத்துக்கு இரும்புதான் வரும். பித்தளை, வெண்கலம், வெள்ளி, பொன் ஒன்றும் ஒட்டாது. யுத்தம் நடந்த ஆற்றில் ஒட்டுகிற இரும்பு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண உலோகக் கருவி உப்புத் தண்ணீரிலும் கறுப்பு மணலிலும் சும்மா சும்மா கத்தும். புல்மோட்டையில் அள்ளுகிற அந்தக் கறுப்பு மணல் இந்தக் கரையோரம் பல இடத்தில் கொஞ்சமாவது கலந்திருக்கும். மற்றப் பக்கம், விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஜொனி மிதிவெடிக்கு மரப்பெட்டிதான் உடம்பு. ஆமியின் சில மிதிவெடிகள் பிளாஸ்டிக். இரண்டிலும் உலோகம் மிகக் குறைவு, கருவி கத்தவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது. கரையில் துப்புரவு செய்து முடிந்தது என்று சொன்ன நிலத்துக்கும் மேலிருந்து வெள்ளம் இழுத்துவரும்.

2023 ஆடியில் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிற இரண்டு பேரைப் பேசினேன். வள்ளம், சிலிண்டர் நிரப்புகிற காசு, எண்ணெய், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 45,000 ரூபாய் அளவில் வந்தது. அப்போது எண்ணெய் இன்னும் கியூஆர் பங்கீட்டில், அதற்கே பாதி நாள் அலைச்சல். கடலில் பத்துப் பாக ஆழத்தில் தெளிவாகப் பார்க்கிறவர்கள் ஆற்றில் இரண்டு பாகத்தில் கண் தெரியாமல் தடுமாறினார்கள். கலங்கல் தண்ணீரில் கையால் தடவித்தான் தேட வேண்டும். முதலை வேறு. கரையில் ஒருவரை முதலை பார்க்க மட்டும் நிறுத்துங்கள், அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி, தடவிய இடத்தை அந்தக் கயிற்றின் முடிச்சை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தையே நாள் முழுக்கத் தடவுவார்கள்.

அப்படித் தடவும்போதுதான் மூத்தவர் மேலே வந்து, "அக்கா, வால் ஒண்டு கையில பட்டுது, செட்டை வச்ச வால்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வெடிக்காத மோட்டார் ஷெல். நல்ல வேளை, இழுக்கவில்லை. பழைய இரும்பு பொறுக்கி, அறுத்து விற்கப்போய்க் கை கால் போனவர்கள், உயிர் போனவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒன்று தட்டுப்பட்டால் தொடாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள். வந்த வழியாலேயே எல்லோரும் விலகுங்கள். தூர இருந்தே கரையில் அடையாளம் வையுங்கள். 119 க்கு எடுத்து இடத்தைச் சொல்லுங்கள். பொலிஸ் வந்து பார்த்து, நீதிமன்றத்தில் உத்தரவு எடுத்து, குண்டு செயலிழக்கச் செய்கிற பிரிவு வந்து அதை வெடிக்க வைக்கும்வரை அந்த இடம் பூட்டு. அதற்கு நாட்கள் எடுத்தன. பேசிய வள்ளக் காசை நான் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. சுழியோடிகள் இருவரும் இனி வரமாட்டோம் என்றார்கள். இரண்டு பேருக்கும் சின்னப் பிள்ளைகள். அவர்களை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு நித்திரையில்லாமல் இருந்து ஒன்றைத்தான் யோசித்தேன்: அது வெடித்திருந்தால் அந்தப் பெண்சாதிமாருக்கு நான் என்ன சொல்லியிருப்பேன், அம்மன் முகம் தேடினேன் என்றா.

எலும்பைப்பற்றியும் சொல்லாமல் விட ஏலாது. இந்த ஆற்றில் கடந்தவர்கள் எல்லோரும் கரையேறவில்லை. 2004 பெரிய வெள்ளியன்று இதே வெருகலில் இயக்கமும் அதிலிருந்து பிரிந்த கருணா தரப்பும் மோதிக்கொண்டபோதும் ஆட்கள் செத்தார்கள். மனித எச்சம் என்று சந்தேகம் வந்தால் உங்கள் தேடல் அந்த நிமிடத்தோடு நிற்க வேண்டும். அதை எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், பக்கத்தில் கிடக்கும் துணி, செருப்பு, அடையாள அட்டை எதையும் நகர்த்தாதீர்கள். பொலிசுக்கும் நீதவானுக்கும் தெரிய வேண்டும். 2025 ஆடியில் சம்பூரில் மிதிவெடி அகற்றும்போது எச்சங்கள் வெளிப்பட, மூதூர் நீதவானின் உத்தரவில் வேலை நின்றது. நீங்கள் தேடுகிற சாமானுக்குப் பக்கத்தில் வேறு ஒருவர் தேடுகிற ஆள் கிடக்கலாம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் வீட்டு வாசலுக்குமாக நடக்கிற அம்மாமாரை எனக்குத் தெரியும். அவர்களோடு பார்த்தால் என்னுடையது தேடலே இல்லை.

இனி மண்காரர் கதை. 2024 இல், தேடலை விட்ட பிறகு, வீடு கட்ட மண் ஏற்ற வந்த ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கிண்ணியாப் பக்கம். "தங்கச்சி, அந்த ஆத்தில பாலம் கட்டுற காலத்தில மண் அள்ளின ஒருத்தரு இருக்காரு, கேட்டுப் பாருங்க" என்று ஒரு பெயர் தந்தார். போய்ப் பார்த்தேன். வயதான ஆள். நான் சாமான்களை ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீருக்குள்ளிருந்து ஏதும் எடுத்தீர்களா நானா என்று மட்டும் கேட்டேன். களித்தரையில் சவள் முட்டி, இத்துப்போன பலகையோடு பித்தளைச் சாமான் வந்தது என்றார். ஒரு முகம், வளையம் இரண்டு, மணி ஒன்று. "மணிக்கு நாக்கு இல்ல, ஆணி ஒண்ட வளைச்சுக் கம்பியில கட்டியிருந்திச்சு" என்றார். தாத்தாவின் மணியின் நாக்கு உடைந்து ஆணி கட்டியதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறா. அதை நான் அவரிடம் சொல்லியிருக்க வழியே இல்லை. சாமிச் சாமான் என்று பயந்து கொஞ்ச நாள் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருந்தாராம், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், கடைசியில் பழைய இரும்பு, பித்தளை வாங்க வந்த லொறிக்கு நிறுத்துப் போட்டாராம். அவருக்கு அது ஒரு நாள் கூலிக்குக் கிட்ட வந்ததாம். "தெரிஞ்சிருந்தா தந்திருப்பனே மகள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரில் இல்லை.

ஆகவே வரிசையை இப்படி வையுங்கள்: முதலில் மண்காரர், தூண்டில்காரர், வலைகாரர், பழைய இரும்பு வாங்கியவர். அவர்கள் எல்லோரையும் கண்டு முடித்த பிறகுதான் வள்ளமும் சுழியோடியும். தேநீர்க் காசுக்குள் முடிகிற விசாரணை அது. ஏதாவது கைக்கு வந்துவிட்டால் புளி போட்டு மினுக்காதீர்கள், பித்தளையின் மேல் ஏறிய பச்சையோடு எழுத்தும் வேலைப்பாடும் போய்விடும். இரும்பு என்றால் வெயிலில் காயவைக்காதீர்கள், உப்பேறிய இரும்பு காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிரும். நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்திருந்து, தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்றுக் கட்டு உடைந்ததில் நாங்கள் கயிறு கட்டிய கரையே இப்போது வேறு மாதிரி. ஏடும் பிரம்பும் இருந்திருந்தால்கூட அதோடு சரி. நான் இனி ஆற்றில் இறங்கப் போவதில்லை. பித்தளைதான் மிச்சம். பாலம் கட்டிய காலத்தில் வெருகல், வாகரை, ஓட்டமாவடிப் பக்கம் லொறியில் பித்தளை வாங்கியவர்களையோ, அவர்களிடம் வாங்கி உருக்கியவர்களையோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். முகக்களை ஒரு முழத்துக்குக் குறைவு, இடது காதுத் தோடு உடைந்தது. சிலம்பு இரண்டில் ஒன்றில் மட்டும் பரல் கிலுங்கும். மணியில் ஆணி. சாமி படங்கள் விற்கிற கடையிலோ யாருடைய ஷோகேசிலோ நின்றாலும் பரவாயில்லை, வாங்கிய விலையை அம்மா கொடுப்பா.